போயிட்டு வந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்

சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஆலங்கிணறு மெயின் ரோட்டில் மினிபஸ் ஓரம் கட்டும், டீக்கடைப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள், நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும், ஏனென்றால் பீடித் தொழிலாளர் நலச் சங்கத்து மாடியிலிருந்து பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் அந்த நேரத்துக்குத்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி, பெட்டிமேல் மானிட்டரையும் மானிட்டர்மேல் கீபோர்டையும் ஏற்றிக்கொண்டு, மவுஸை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, யாரையும் இடிக்காமல், யாரிடமும் பேசாமல், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கள் பழைய ஆபீசுக்கு நடந்து போகும். காலையில் பத்து மணிக்கு அதே வழியில் திரும்பி வரும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியப்பட வேண்டுமென்றால், இவற்றை வாங்கலாம் என்று சங்கத்தில் முடிவெடுத்த கூட்டத்தை நினைத்து ஆச்சரியப்படலாம்.

அந்தக் கூட்டத்தில் புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொன்னது முப்பிடாதி ஒருத்திதான். அவள் சங்கத்தின் செயலாளர். பல் விழுந்து முளைக்கிற வயசில் பீடி சுற்ற உட்கார்ந்தவள், இப்போது தலையில் அங்கங்கே நரை ஓடியிருந்தது. அவள் வீட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். சொன்னதில் முதல் பாதியைச் சுத்தமாகச் செய்துவிட்டார், இரண்டாவது பாதியை இன்றுவரை செய்யவில்லை. அன்றிலிருந்து முப்பிடாதி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல்தான் படுக்கிறாள். கேட்டால், தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போனது என்பாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் சாயங்கால வகுப்பு ஒன்று. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, கண் ஆபரேஷனுக்கு மனு, எது எழுதிப் போடுவதானாலும் ஊர்ப் பெண்கள் பிரவுசிங் சென்டர்க்காரர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவர் பிறந்த தேதி தெரியாதவர்களுக்குத் தானே ஒரு தேதி கொடுக்கும் தயாள குணம் உள்ளவர். அவர் கைவண்ணத்தில் முப்பிடாதி அவளைப் பெற்ற தாய்க்கு ரெண்டு வயசு மூத்தவளாக அரசாங்கக் கணக்கில் இருந்தாள். இந்தக் கூத்துக்கு முடிவுகட்ட வேண்டுமானால் பெண்கள் தாங்களே தட்டத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலெல்லாம் மடியில் முறம்போன்ற சுளவை வைத்துப் பீடி சுற்றி, ஐந்து மணிக்குக் கடையில் பீடிக்கட்டுகளை ஒப்படைத்துவிட்டால், உலை வைக்கிற நேரம்வரை கொஞ்சம் மூச்சுவிடலாம். அந்த நேரந்தான் வகுப்புக்கு நேரம்.

"மூணு போதும் அண்ணாச்சி," என்றாள் கூட்டத்தில். "புதுசா, ஒழுங்கா ஓடுற மாதிரி மூணு. அதுக்குச் சங்கத்துல பணம் இருக்கு."

தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி பிறந்ததிலிருந்து ஒரு பீடிகூடச் சுற்றாதவர், அதனாலேயே பீடி சுற்றுகிறவர்களில் யார் பக்கமும் சாயாத நடுநிலையாளர் என்று பெயரெடுத்துத் தலைவரானவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏ தாயி, மூணு பெருசா பன்னெண்டு பெருசா? பொன்விளை காப்பீட்டுக் கழகத்துல எல்லாம் புதுசா மாத்துதாங்க. பழசு பன்னெண்டையும் நமக்கு இனாமாக் குடுக்காங்க. வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா?"

"ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடும். நல்லா ஓடும். நான் கேரண்டி."

'ஓடும்' என்கிற இந்த வார்த்தைக்குப் பிற்பாடு வந்த மரியாதையை நினைத்தால், அவர் வேறு வார்த்தை போட்டிருக்கலாம்.

"அவங்களே வேண்டாம்னு கழிச்சுப் போடுறத நாம எதுக்கு அண்ணாச்சி தலையில கட்டிக்கிடணும்?"

இப்போது பொருளாளர் மைதீன் பிச்சை எழுந்தார். அவர் எழுந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், கணக்கிலேயே மடக்குகிறவர். "புதுசு வாங்குனா என்னைக்காவது கெட்டுப்போவும். கெட்டுப்போனா நமக்குத்தான் மனக்கஷ்டம். பழசு ஏற்கெனவே கெட்டுப்போனது. இனிமே அது கெட்டுப்போவ என்ன இருக்கு?" என்றார். கூட்டம் கைதட்டியது. "புதுசு வாங்குனா கடைக்காரன் பில்லுதான் குடுப்பான், இனாமா வாங்குனா பேப்பர்ல போட்டோ வரும்," என்று தலைவர் அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முப்பிடாதியின் மனசு செயலாளர் மனசாதலால் அது தனியாகக் கணக்கில் சேராது.

மிச்சப்பட்ட பணத்தில் கொடையாளருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பந்தல், ஃப்ளெக்ஸ், மேளம், பொன்னாடை, கமகமவென்று பிரியாணி, மாடிப்படிச் சுவரில் எல்லார் பெயரும் பொறித்த கல்வெட்டு என்று விழா சிறக்கச் சிறக்க, மிச்சம் பிடித்த பணம் போதாமல் கொஞ்சம் கைமாற்றும் வாங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சிக்கனத்துக்காக நடந்த விழா என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்த தலைவர் முப்பிடாதியிடம் மட்டும் தணிந்த குரலில் ஒன்று சொன்னார்.

"சித்திரைப் பொதுக்குழுவுக்குள்ள வகுப்பு நடந்துகிட்டு இருக்கணும் தாயி. இல்லன்னா மாடிய எதுக்குச் சும்மா போட்டு வைக்க? எம் மருமகன் குடோனுக்கு இடம் தேடிக்கிட்டு இருக்கான்."

இங்கே விழா நடந்த அதே காலையில் அங்கே காப்பீட்டுக் கழகத்து வாசலில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டெம்போவில் ஏற்றுவதற்கு முன் பன்னிரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த செண்பகவல்லி என்கிற குமாஸ்தா அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தன் பெண்ணின் பிரசவத்துக்கு எடுத்த லீவு நீங்கலாக ஒருநாள்கூடப் பிரியாத பெட்டி. அதன் தலையைத் தடவி, "போயிட்டு வாங்க" என்றாள். கூடியிருந்த எல்லாரும் கோரஸாக, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்றார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் வாசல் தாண்டுகிற எதையும் யாரும் 'போ' என்று அனுப்புவதில்லை. கல்யாணத்துக்கு வந்து மொய் வைக்காமல் நழுவுகிறவரைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவோம். போகிறவர்களும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அதில் எந்தப் பாதி தங்களுக்குச் சௌகரியமோ அந்தப் பாதியை மட்டும் செய்வார்கள். அந்த நாசூக்கெல்லாம் மனிதர்களுக்கு. கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும்.

முதல் வகுப்புக்குப் பெண்கள் எப்படி வந்தார்கள் தெரியுமா? வீட்டில் சண்டை போட்டு, மாமியாரைச் சமாதானம் செய்து, புகையிலைத் தூள் வாடை போகக் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல வந்தார்கள். முப்பிடாதி ஒவ்வொருத்தியையும் நாற்காலியில் உட்காரவைத்தாள். சுவிட்சைப் போட்டாள். மணி ஐந்தரை அடித்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒயரைத் தாங்களே பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, மேசையிலிருந்து இறங்கின. பெண்கள் வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.

"அவங்களுக்கு வேலை முடிஞ்சிட்டு போல," என்றாள் ஒருத்தி.

"நமக்கு இனிமேத்தான் ஆரம்பம்," என்றாள் இன்னொருத்தி, காலி மேசையைப் பார்த்துக்கொண்டு.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மினிபஸ் கண்டக்டர் ஆரம்பத்தில், இப்படி ரோட்டை அடைத்துக்கொண்டு நடப்பதற்குப் பதில் ஏறிக்கொள்ளட்டும், லக்கேஜ் டிக்கெட் போடுகிறேன் என்றார், அதுகள் ஏறாததால் கோபித்துக்கொண்டார், பிறகு ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே மெதுவாக வரப் பழகினார். ரயில்வே கேட்கீப்பர் அதுகள் தாண்டிய பிறகே கேட்டைச் சாத்தினார். டீக்கடையில் ஐந்தே காலுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட ஆரம்பித்தார்கள், பார்க்க வருகிறவர்கள் வெறும் வாயோடு நிற்க முடியாது. பின்மண்டை பெருத்த மானிட்டர் ஒன்று பாலத்து ஏற்றத்தில் தள்ளாடிப் பின்தங்கினால் மற்ற பதினொன்றும் நின்று காத்திருந்தன, அதைப் பார்த்து அண்ணன் தம்பிகள் ரெண்டுபேர் பாகப்பிரிவினை வழக்கை வாபஸ் வாங்கினார்கள், ஆனால் அடுத்த மாதமே மறுபடி போட்டுவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் ஊழியர்கள் மட்டும், இப்படி நேரம் தவறாமல் வந்து போவது தங்களை மறைமுகமாக இழிவுபடுத்துவது என்று மனு கொடுத்தார்கள். மழை வந்தால் வழியிலிருக்கிற வீட்டுப் பெண்கள் ஓடிவந்து சாக்குப் போர்த்திவிட்டார்கள். துபாய்க்கும் திருப்பூருக்கும் பயணம் கிளம்புகிறவர்கள் காலையில் அதுகள் எதிரே வரும் நேரம் பார்த்து வாசலில் இறங்கினார்கள், கம்ப்யூட்டர் முகத்தில் விழித்துவிட்டுப் போனவர்கள் கண்டிப்பாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முப்பிடாதி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பி வரும் வித்தையை ஒரு இரும்புப் பெட்டிக்குச் சொல்லித்தர முடிந்திருக்கிறது, மனுஷனுக்குத்தான் முடியவில்லை என்று அவளுக்கு வயிறெரிந்தது.

சங்கமும் சும்மா இருக்கவில்லை, அவசரக் கூட்டங்கள் போட்டது. முதல் கூட்டத்தில் மேசையோடு சங்கிலி போட்டுப் பூட்டுவது என்று தீர்மானித்தார்கள், அன்று சாயங்காலம் மேசைகளும் சேர்ந்து நடந்தன. அடுத்த கூட்டத்தில் மாடிக் கதவைப் பூட்டுவது என்று தீர்மானித்தார்கள், அதுகள் கதவோடு போய், காலையில் கதவோடு வந்து, கதவை இருந்த இடத்தில் சாத்திவைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தன. வகுப்பைப் பகலில் வைத்துக்கொள்ளலாமே என்று தலைவர் யோசனை சொன்னார். "அப்ப பீடிய யார் அண்ணாச்சி சுத்துவா?" என்று முப்பிடாதி கேட்டதும், இதுபற்றி ஆராயத் துணைக்குழு ஒன்று அமைத்தார்.

"பழசு ஓடாதுன்னு சொன்னியே தாயி. ஊரே பாக்குது, எப்படி ஓடுதுன்னு," என்றார் மைதீன் பிச்சை. இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார், தலைவரும் சிரித்தார். பங்குனி பிறந்துவிட்டது. மாடியை அளக்க மருமகன் டேப்போடு வந்து போனார். வகுப்புக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள், மீதிப்பேர் காலி மேசைமேல் விரலால் தட்டிப் பழகினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முப்பிடாதிக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒருநாள் காலையில் அவள் கடையில் பீடி இலை வாங்கப் போகாமல் நேராக ரயில்வே கேட்டைத் தாண்டிக் காப்பீட்டுக் கழகத்து வாசலில் போய் நின்றாள். வாட்ச்மேன் ஆபிரகாம் கிரில் கதவைத் திறந்துவிட்டார். பன்னிரண்டும் வரிசையாக வெளியே வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, "சரி, போயிட்டு வாங்க... போயிட்டு வாங்க..." என்று அவர் அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து செண்பகவல்லியம்மாவும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமலே ஓடிவந்து ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரிடம் அதையே சொன்னாள்.

முப்பிடாதிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்து, "அண்ணே, தினமும் இதத்தான் சொல்லுதிகளா?" என்றாள்.

"வேற என்னத்தம்மா சொல்ல? எனக்கு முன்னாடியே இங்க வேலைக்கு வந்ததுங்க. மரியாதையாத்தான அனுப்பணும்?"

"போங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. வாங்கன்னு சொல்லாதிங்க."

ஆபிரகாம் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "வேலைக்குக் கிளம்புறதப் பாத்துப் 'போ'ன்னு சொல்லச் சொல்லுதியே, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா."

செண்பகவல்லியம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா முயற்சி செய்யாமலில்லை. வாயைத் திறந்து "போ" என்பதுவரை வந்து, அங்கேயே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "என்னால ஆகாதும்மா. செத்த வீட்லகூட நான் அந்த வார்த்தையச் சொன்னதில்ல."

சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று அன்று சாயங்காலம் முப்பிடாதி சங்கத்து மாடிப்படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். முதல் கம்ப்யூட்டர் வந்தது. போங்க, அங்கேயும் இங்கேயுமாக ஓடாதீங்க, போனால் ஒரேயடியாகப் போங்க, நான் புதுசு மூணு கேட்டுக்கிடுதேன் என்றெல்லாம் சொல்ல நினைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது, "பாத்துப் போயிட்டு வாங்க," என்றுதான் வந்தது. தன் நாக்கின்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏமாந்த சிறுக்கி, இத்தனை பட்டும் உனக்குப் புத்தி வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்துதான் யோசித்தாள். ஊரில் வாய் கூசாமல் 'போ' என்று சொல்லக்கூடிய ஆள் யார்? யோசிக்க ஆரம்பித்ததும் ஒரு பட்டாளமே ஞாபகத்துக்கு வந்தது. அவள் ஆயுசில் நின்ற கவுன்ட்டர் ஒவ்வொன்றிலும், கண்ணாடிக்கு உள்ளேயிருந்த ஒவ்வொருவரும் அவள் வாயைத் திறக்குமுன்னே "போம்மா, போ, போ" என்றவர்கள்தான். பீடி வாடையோடு வருகிற பெண்களுக்கு 'வாங்க' போட்டு யார் அனுப்பினார்கள்? அந்த வார்த்தை இத்தனை நாளும் அவள் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது, ஒருநாள் பிரயோஜனமாக வேறு எங்காவது விழட்டுமே.

காப்பீட்டுக் கழகத்திலேயே அதற்குப் பேர்போனவர் இருந்தார். மேலாளர் செல்வகணபதி. பொன்னாடை வாங்கிக்கொண்ட அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டர்களைக் கண்ணால் கண்டதில்லை, அதுகள் சாயங்காலம் வந்து சேருமுன் அவர் வீட்டுக்குப் போய்விடுவார், காலையில் அதுகள் கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் வருவார். கணக்கிலிருந்து கழித்த பொருள்கள் ராத்திரியில் அலுவலகத்தில் தங்குவதாகத் தணிக்கைக்காரர்கள் எழுதியதற்கு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் எழுதியிருந்தார். ஆனால் பங்குனி பாதியில் மார்ச் முடிகிறது, மார்ச் முடியும்போது எந்த மேலாளரும் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது.

அந்தக் கடைசி நாளில், ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர்கள் படியிறங்கியபோது, அதுகளுக்குப் பின்னால் முப்பிடாதியும், அவளுக்குப் பின்னால் வகுப்புப் பெண்களும், நின்றுபோனவர்கள் உட்பட, சுளவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் கொஞ்சதூரம் கூடவே வந்தார்கள். கேட்கீப்பர் ஒரு எக்ஸ்பிரஸை நிறுத்திவைத்தார். ஆபிரகாம் கிரில் கதவைத் திறக்க, கம்ப்யூட்டர்கள் வழக்கம்போலத் தங்கள் பழைய மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்தன, பெண்கள் அதுகளுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீபோர்டை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். "அ எங்க இருக்கு யக்கா?" என்று ஒருத்தி கேட்க, முப்பிடாதி வகுப்பை ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு மேலாளர் அறையைவிட்டு வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கூடம் நிறையப் பெண்கள், சுளவுகள், எழுதிக் கழித்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள்.

"என்னம்மா இது? யார் நீங்க? ஆபீஸ் நேரம் முடிஞ்சாச்சு," என்றவர், எல்லா அதிகாரிகளும் தூக்கத்தில்கூடச் சொல்லும் அந்த வாசகத்தைச் சொன்னார். "இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க."

முப்பிடாதி கம்ப்யூட்டர்களைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மேசைக்கடியில் பன்னிரண்டும் சொன்னதைக் கேட்டுக்கொண்ட அடையாளமாகப் பச்சை விளக்கைச் சிமிட்டின. இன்னொரு 'வாங்க' விழுந்துவிட்டது. இனி இதையும் அழிக்க வேண்டும்.

"ஆகட்டும் சார்," என்றாள் எழுந்திருக்காமல். "நாளைக்கு வாரோம்."

"சரி, கிளம்புங்க."

"நாளன்னைக்கும் வாரோம் சார். சாருக்கு அதுக்கடுத்த நாள் சௌகரியப்படுமா? ஞாயித்துக்கிழமை மட்டும் லேட்டாத்தான் வருவோம், கோழி அடிப்போம்."

"என்னம்மா விளையாடுறியா? எதுக்கு வரணும்?"

"சார்தான வரச் சொன்னிய. பெரியவுக வாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் வராம இருந்தா மரியாத இல்லல்லா? வருசம் பூரா வாரோம். எங்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரோம். ஏட்டி, சாருக்கு எல்லாரும் ஒரு வணக்கம் சொல்லுங்க."

"வணக்கம் சார்!" என்றார்கள் எல்லாரும், கட்டடம் அதிர.

மேலாளர் செல்வகணபதிக்கு ஏற்கெனவே வருஷக் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது. "யாரும் வர வேண்டாம்! நாளைக்கும் வர வேண்டாம், என்னைக்கும் வர வேண்டாம்! ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது! போங்க! எல்லாம் போங்க! போய்த் தொலைங்க!" என்று கூடத்தின் நாலு மூலையும் கேட்கக் கத்தினார்.

வாழ்நாளெல்லாம் வாங்கிய வார்த்தைதான், ஆனால் காது குளிர வாங்கியது அன்று ஒருநாள்தான். முப்பிடாதி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "நீங்க நல்லாருக்கணும் சார்," என்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

கம்ப்யூட்டர்கள் மேசைக்கடியிலிருந்து எழுந்தன. இந்தமுறை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் மடியிலிருந்த கீபோர்டைத் தூக்கி அதனதன் தலையில் வைத்துவிட்டார்கள். ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர் வாசலைத் தாண்டும்போது செண்பகவல்லியம்மா பின்னாலேயே ஓடிவந்து வாயைத் திறந்தாள். முப்பிடாதி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் தடுமாறி, அந்த இரண்டாவது வார்த்தையை முழுங்கிக்கொண்டு, "பாத்துப் போங்க," என்றாள். பிறகு இரண்டுபேரும் கையை விடாமல் நின்று, அதுகள் கேட்டைத் தாண்டி மறையும்வரை அழுதார்கள். ஒருத்தி எதற்கு அழுதாள் என்பது எல்லாருக்கும் தெரியும். முப்பிடாதி எதற்கு அழுதாள் என்று அவளுக்கும் அப்போது தெரியவில்லை.

மறுநாள் ஐந்தரை அடித்தது. மினிபஸ் பழக்கதோஷத்தில் ஓரம் கட்டிவிட்டு, ஒன்றும் வராததால் அசட்டுத்தனமாகக் கிளம்பியது. மாடியில் பன்னிரண்டும் மேசைமேல் இருந்தன. அதில் மூன்று சுவிட்சைப் போட்டாலும் விழிக்கவில்லை, மீதி ஒன்பதும் விழிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம், புதுசு மூன்று வாங்கியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று முப்பிடாதி அன்றும் சொன்னாள், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நறுக்கிய பீடி இலையைச் சுருட்டிய விரல்களுக்கு எழுத்துக்களைத் தேடிப் பிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. எல்லாருக்கும் முதலில் முப்பிடாதி தன் பிறந்த தேதியைத் தானே திருத்தி, தாய்க்கு மகளானாள்.

சித்திரைப் பொதுக்குழுவில் மருமகனின் குடோன் பேச்சு எழவேயில்லை. பழசுதான் சிறந்தது என்று தான் அன்றைக்கே சொன்னதைத் தலைவர் நினைவூட்டினார், மைதீன் பிச்சை வழிமொழிந்தார். அந்த உற்சாகத்தில், டவுன் ஆஸ்பத்திரி ஒன்று பிணம் வைக்கிற பழைய ஐஸ் பெட்டியைச் சங்கத்துக்கு இனாமாகத் தருவதாகச் சொல்லி, வாங்கிக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பெட்டியை அங்கிருந்து அனுப்பும்போது யாரும் வாய்தவறி ஒன்றும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளத் துணைக்குழு ஒன்றும் அமைத்தார்கள்.

கூட்டம் கலைந்து முப்பிடாதி வீட்டுக்கு வந்தாள். உலை வைக்கிற நேரம், தெருவெல்லாம் தாளிக்கிற மணம். உள்ளே நுழைந்தவள் சும்மா சாத்தியிருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு, வருஷக்கணக்காகத் தான் பார்த்துக்கொண்டிருந்த தெருக்கோடியைப் பார்த்து, கோபமில்லாமல், கண்ணீரில்லாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்.

"போங்க."

நடைபாதையில் படுத்திருந்த நாய் ஒன்று தன்னைத்தான் சொல்கிறாளாக்கும் என்று எழுந்து போனது. முப்பிடாதி தாழ்ப்பாளைப் போட்டாள். துரு ஒன்றுமில்லை, ஒரே தள்ளில் விழுந்தது.